வலெந்தினா தெரெஷ்கோவா: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

சோவியத் விண்வெளித் திட்டத்தின் வரலாற்றை நீண்ட காலமாகப் படித்து வருகிறேன். இன்று விண்வெளிக்குச் சென்ற முதல் பெண்ணான தெரெஷ்கோவாவைப் பற்றி மட்டும் பேசுவோம். அவரைப் பற்றி எதைக் கேள்விப்பட்டாலும் அதை யார் சொன்னார், எந்த வருடம் சொன்னார் என்று முதலில் பாருங்கள். 1963-ல் சோவியத் பத்திரிகைகள் எழுதியது ஒரு கதை. அந்த நாடு கலைந்த பிறகு வெளிவந்தது வேறு கதை.

கேள்வி: அவர் விமானியே இல்லையாமே? ஆலைத் தொழிலாளியை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?

விமானி இல்லை, உண்மைதான். ஆனால் அன்று தேடியது பாராசூட்டில் குதிக்கத் தெரிந்தவர்களை. அன்று சோவியத் பயன்படுத்திய, ஒருவர் மட்டும் செல்லும் வஸ்தோக் விண்கலத்தால் ஆளோடு மெதுவாகத் தரையிறங்க முடியாது. சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் பயணி இருக்கையோடு வெளியே வீசப்படுவார். பிறகு தன் பாராசூட்டில் தனியாக இறங்க வேண்டும். விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதர் ககாரினும் அப்படித்தான் இறங்கினார்.

தெரெஷ்கோவா 1937-ல் யாரோஸ்லாவ்ல் பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தார். டிராக்டர் ஓட்டிய அப்பா பின்லாந்துப் போரில் இறந்துபோனார். அம்மாவுக்கு நெசவாலை வேலை. மகளும் டயர் தொழிற்சாலையில் தொடங்கி நெசவாலைக்கு வந்தார், அஞ்சல் வழியில் படித்தார். 1959-ல் உள்ளூர் வான்சங்கத்தில் பாராசூட் குதிக்கக் கற்றார். 1962 பிப்ரவரியில் தேர்வான ஐந்து பெண்களில் அவர் ஒருவர். மற்ற நால்வர் சலவ்யோவா, பொனமர்யோவா, குஸ்னெத்சோவா, யோர்கினா. பொனமர்யோவா விமானப் பொறியியல் படித்தவர், விமானமும் ஓட்டுவார். சலவ்யோவா தேர்ந்த பாராசூட் வீராங்கனை. தகுதிப் பட்டியலை மட்டும் பார்த்தால் இவர்கள் தெரெஷ்கோவாவுக்குக் குறைந்தவர்கள் இல்லை. போரில் தந்தையை இழந்த ஆலைத் தொழிலாளி என்ற பின்னணி அன்றைய தலைமைக்குப் பிடித்திருந்தது. அதற்காக அவர் பயிற்சியில் பின்தங்கியவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உடலை வேகமாகச் சுழற்றிப் பழக்கும் மையவிலக்குக் கருவி, வெப்ப அறை, தனிமை அறை எல்லாம் அவருக்கும் இருந்தன.

கேள்வி: பல் துலக்கும் பிரஷ்ஷை வைக்க மறந்துவிட்டார்களாமே?

அவரே பின்னாளில் சொன்னார். பேஸ்ட் இருந்தது, பிரஷ் இல்லை.

கேள்வி: கலம் தானாக ஓடியது. அவர் வெறும் பயணிதான். ஏன் இவ்வளவு கொண்டாட்டம்?

இதற்கு விரிவாகவே சொல்ல வேண்டும். வஸ்தோக்கில் பறந்த ஆறு பேருக்கும் கலம் தானியங்கிதான். ககாரினை யாரும் வெறும் பயணி என்று சொல்வதில்லை.

1963 ஜூன் 16 அன்று தெரெஷ்கோவாவின் வஸ்தோக் 6 பைக்கோனூர் ஏவுதளத்திலிருந்து கிளம்பியது. இரண்டு நாள் முன்பே கிளம்பிய சக வீரர் பைக்கோவ்ஸ்கி வஸ்தோக் 5-ல் சுற்றிக்கொண்டிருந்தார். இரண்டு கலங்களும் ஒரு கட்டத்தில் சுமார் 5 கிலோமீட்டர் வரை நெருங்கின. தெரெஷ்கோவா 48 முறை பூமியைச் சுற்றினார், 70 மணி 50 நிமிடம். அமெரிக்காவின் முதல் விண்பயணத் திட்டமான மெர்க்குரியின் வீரர்கள் ஆறு பேர் பறந்த மொத்த நேரம் 54 மணிக்குள் அடங்கிவிடும்.

போன கையோடு கலத்தின் திசையமைப்பில் கோளாறு இருப்பதைக் கவனித்ததாக அவர் சொல்கிறார். திரும்பும்போது உந்துபொறி இயங்கினால் கலம் கீழே வராது, இன்னும் மேலே போய்விடும். தரைக்குச் சொன்னார். புதிய தரவுகள் அனுப்பினார்கள். வெளியே சொல்லாதே என்று தலைமை வடிவமைப்பாளர் கரல்யோவ் கேட்டுக்கொண்டதால் பல பத்தாண்டுகள் வாயைத் திறக்கவில்லை. அடிவானத்தை அவர் எடுத்த படங்கள் வளிமண்டலத்தின் தூசுப் படலங்களை ஆராயவும் பயன்பட்டன.

கேள்வி (அதே நபர்): கோளாறைப் பற்றி அவர் சொல்வதை மட்டும் எப்படி நம்புவது? பயிற்சிப் பொறுப்பில் இருந்த கமானினின் நாட்குறிப்பு அவருடைய தடுமாற்றங்களைச் சொல்கிறதே.

நியாயமான கேள்வி. கையால் கலத்தைத் திருப்பும் முயற்சி முதலில் கைகூடவில்லை, கீழிருந்து ஆலோசனை வந்த பிறகு செய்து முடித்தார். உடல்நிலையும் சரியில்லை. ஒருமுறை வாந்தி எடுத்தார், உணவுதான் காரணம் என்றார். மூன்று நாளும் விண்வெளி உடையைக் கழற்றாமல் இருக்கையில் கட்டுண்டு இருந்ததில் கால் வலி, தலைக்கவசத்தால் தோள் வலி. சில உயிரியல் சோதனைகளை அவரால் செய்ய முடியவில்லை. எதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் 1961-ல் ககாரினுக்கு அடுத்துப் பறந்த தித்தோவும் விண்வெளியில் குமட்டலால் அவதிப்பட்டார். அதை உடலியல் சிக்கல் என்று ஆராய்ந்தார்கள். தெரெஷ்கோவாவுக்கு வந்தபோது மட்டும் அது பெண்களின் பலவீனத்துக்குச் சான்றாகிவிட்டது. இந்த இரட்டை அளவுகோலைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

கேள்வி (இன்னொருவர்): அப்படியானால் அவர் பிழையே செய்யவில்லை என்கிறீர்களா?

நான் சொல்லவில்லை. மேலே உள்ள பதிலை மறுபடி படியுங்கள். இறங்கிய இடத்தில் விண்வெளி உணவை ஊர் மக்களுக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் தந்ததைச் சாப்பிட்டார், மருத்துவர்கள் கடிந்துகொண்டார்கள். அது அவருடைய பிழைதான்.

கேள்வி: பிரஷ் விஷயம் உண்மையா?

மேலே இருக்கிறது.

கேள்வி: விண்வெளியில் நடந்த முதல் பெண் இவர்தானே?

இல்லை. சோவியத் வீராங்கனை ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா, 1984 ஜூலை. தெரெஷ்கோவா கலத்தை விட்டு வெளியே வரவே இல்லை. தனியாக விண்வெளிக்குப் போன ஒரே பெண் என்பது இன்றும் அவர்தான்.

கேள்வி: அமெரிக்கர்களும் அப்போதே 13 பெண்களைத் தயார் செய்தார்களே?

நாசா தயார் செய்யவில்லை. டாக்டர் லவ்லேஸ் தன் பொறுப்பில் நடத்திய மருத்துவச் சோதனைகளில் 13 பெண் விமானிகள் தேறினார்கள். ஜெட் சோதனை விமானியாக இருக்க வேண்டும் என்பது நாசாவின் விதி. பெண்களுக்கு அந்த வேலையே கொடுக்கப்படவில்லை. 1962 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தும் பலனில்லை. அவர்களில் ஒருவரான வாலி ஃபங்க் 2021-ல், 82 வயதில், சில நிமிடப் பயணமாக விண்வெளியைத் தொட்டார்.

கேள்வி: விண்வெளி சென்றவர்களுக்குப் பிறக்கும் குழந்தை எப்படி இருக்கும் என்ற சோதனைக்காகவே வீரர் நிக்கலாயெவுக்குக் கட்டிவைத்தார்களா?

இருவரும் விண்வெளி சென்றவர்கள், 1963 நவம்பரில் மணந்தார்கள், அடுத்த ஜூனில் மகள் பிறந்தாள், 1982-ல் பிரிந்தார்கள். கட்டிவைத்தார்கள் என்பதை யார் எப்போது சொன்னார் என்று தேடிப் பாருங்கள். குடும்ப விவகாரம் இதோடு போதும்.

கேள்வி: பிற்காலத்தில்?

1969-ல் ஜுக்கோவ்ஸ்கி விமானப்படை அகாதெமியில் பொறியியல் முடித்தார், 1977-ல் ஆய்வுப் பட்டம். சோவியத் பெண்கள் குழுவுக்குப் பல ஆண்டு தலைமை. 1995-ல் மேஜர் ஜெனரல். 2011 முதல் ரஷ்ய நாடாளுமன்ற உறுப்பினர். 2020-ல் புதினின் பதவிக்கால எண்ணிக்கையை மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் திருத்தத்தை முன்மொழிந்தவரும் அவர்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1963-ஐ அதை வைத்து அளப்பதும் தவறு.

கேள்வி: அவருக்குப் பிறகு அடுத்த பெண் ஏன் 19 வருடம் கழித்து?

இவ்வளவு நேரம் காத்திருந்த கேள்வி இது. ‘முதல் பெண்’ என்ற பட்டம் கிடைத்ததும் அடுத்த பெண்ணை அனுப்பத் தலைமைக்கு அவசரம் இல்லாமல் போயிற்று. மீதி நான்கு பேரும் பயிற்சியைத் தொடர்ந்தார்கள். வஸ்தோக்குக்கு அடுத்த கலமான வஸ்ஹோத்தில் பெண்கள் மட்டும் போகும் பயணம் ஒன்று பேசப்பட்டு, கைவிடப்பட்டது. 1969-ல் குழுவையே கலைத்தார்கள், ஒருவர்கூடப் பறக்கவில்லை. அமெரிக்கா தன் முதல் பெண்ணாக சாலி ரைடை அனுப்பத் தயாராகிறது என்று தெரிந்த பிறகே 1982 ஆகஸ்டில் சவீத்ஸ்கயா மேலே போனார். தெரெஷ்கோவா தடுமாறியதால் வாசல் மூடியது என்று யாராவது எழுதினால் இந்தத் தேதிகளைக் காட்டுங்கள்.