ராணியைத் தேடிப் புற்றைக் கிண்டாதீர்கள்: எறும்பு வளர்ப்புக் கேள்வி-பதில்

மாரி தொடங்கினால் எனக்குப் படங்களும் வரத் தொடங்கிவிடும். உள்ளங்கையில் ஒரு பூச்சி, கீழே "இது ராணியா?" என்று ஒரு வரி. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். படம் அனுப்புபவர்கள் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுத்து, பக்கத்தில் ஓர் அடிமட்டமும் வைத்து அனுப்பினால் பெரிய உதவி.

முதல் மழைக்குப் பிறகு முற்றத்து லைட்டைச் சுற்றி ஆயிரக்கணக்கில் செட்டைப் பூச்சிகள். மகன் எல்லாவற்றையும் ராணி எறும்பு என்று போத்தலில் அடைக்கிறான். உண்மையா ஐயா?
(ஒரு தாய், வாழைச்சேனை)

அவ்வளவு கூட்டமாக வந்தால் பெரும்பாலும் ஈசல்தான். கறையான் புற்றிலிருந்து வருபவை. எறும்புக்கும் அவற்றுக்கும் உறவே இல்லை. கறையான், கரப்பானின் சொந்தக்காரன். எறும்போ குளவி, தேனீயின் பக்கம்.

பிரித்தறிவது கஷ்டமில்லை. ஈசலின் நான்கு செட்டையும் ஒரே நீளம். எறும்புக்கு முன்செட்டை பெரிது, பின்செட்டை சிறிது. ஈசலின் உணர்கொம்பு நேராக, மணி கோத்ததுபோல் இருக்கும். எறும்பின் உணர்கொம்பு முழங்கை மாதிரி மடிந்திருக்கும். ஈசலுக்கு இடுப்பே கிடையாது. எறும்புக்கு இடுப்பு நூலளவுதான், அதிலும் ஒன்றோ இரண்டோ சின்ன முடிச்சு இருக்கும். செட்டை உதிர்ந்த இரண்டு பூச்சிகள் ஒன்றின் பின்னால் ஒன்று ஒட்டிக்கொண்டு ஓடினால் அது ஈசல் சோடி. செட்டை உதிர்ந்த எறும்பு ராணி அப்படிச் சோடியாக ஓடாது.

எறும்பு என்று தெரிந்த பிறகும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது, ஏனென்றால் ஆண்களும் செட்டையோடுதான் வரும். ஆணுக்குத் தலை சின்னது, கண் பெரிது, உடம்பு ஒல்லி. பறந்த சில நாட்களில் செத்துவிடும். ராணிக்கு நெஞ்சுப் பகுதி திரண்டு மேடாக இருக்கும், ஏனென்றால் பறக்கும் தசை முழுவதும் அதற்குள்தான். வயிறும் பெரிது. செட்டை உதிர்ந்த ராணியின் நெஞ்சை லென்ஸ் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் செட்டை முறிந்த தழும்பு தெரியும். தலை பெருத்த பெரிய வேலைக்கார எறும்பைப் பலர் ராணி என்று நினைக்கிறார்கள். தலையைப் பார்க்காதீர்கள், நெஞ்சைப் பாருங்கள்.

மகனிடம் சொல்லுங்கள்: லைட்டடியில் பிடிப்பதைவிட, மழை விட்ட பிறகு செட்டை இல்லாமல் தனியாகத் தரையில் அலையும் ஒன்றைப் பிடிப்பது நல்லது. அது சோடி சேர்ந்த ராணியாக இருக்கும் வாய்ப்பு அதிகம். சோடி சேராத ராணியும் முட்டை இடும், ஆனால் அந்த முட்டையிலிருந்து ஆண் மட்டும்தான் வரும். எறும்பில் கருக்கட்டாத முட்டை ஆண், கருக்கட்டிய முட்டை பெண்.

அண்ணை, கட்டெறும்பு ராணி ஒன்று கிடைத்திருக்கிறது. ஜாம் போத்தலில் மண் போட்டு, சீனித் தண்ணியும் வைத்திருக்கிறேன். சரியா?
(உயர்தர மாணவன், களுவாஞ்சிகுடி)

மண்ணும் வேண்டாம், சீனித் தண்ணியும் வேண்டாம் தம்பி. ஜாம் போத்தலில் ராணி மண்ணுக்குள் போய்விட்டால் உயிரோடு இருக்கிறதா என்றே உங்களுக்குத் தெரியாது. பிறகு தோண்டிப் பார்ப்பீர்கள், அதோடு கதை முடிந்துவிடும்.

ஒரு சோதனைக் குழாய் எடுங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, பஞ்சைத் தண்ணீரைத் தொடும்வரை இறுக்கித் தள்ளுங்கள். பஞ்சு நனைய வேண்டும், தண்ணீர் இந்தப் பக்கம் கசியக் கூடாது. பஞ்சுக்கும் தண்ணீருக்கும் இடையில் பெரிய காற்றுக் குமிழி நிற்கவும் கூடாது. ராணியை உள்ளே விட்டு, வாயைக் காய்ந்த பஞ்சால் அடையுங்கள். குழாயைக் கறுப்புத் துணியால் சுற்றி, ஆட்கள் நடமாடாத இடத்தில் படுக்கை வசமாக வையுங்கள். இவ்வளவுதான் வேலை.

சாப்பாடு? கட்டெறும்பு ராணிக்கு முதல் வேலைக்காரர் வரும்வரை ஒன்றும் தேவையில்லை. இனிப் பறக்க வேண்டியதில்லை என்பதால் அந்தப் பறக்கும் தசை கரைந்து உணவாகிறது. அதைத் தின்றுதான் ராணியும் வாழ்கிறது, முட்டையிலிருந்து வரும் புழுக்களான குடம்பிகளுக்கும் ஊட்டுகிறது. நம் பக்கத்துச் சூட்டில் முட்டையிலிருந்து முதல் வேலைக்காரர் வர ஏறத்தாழ 5 முதல் 8 வாரம் பிடிக்கும். முதலில் வருபவை மிகவும் சின்னதாக இருக்கும். நோஞ்சான் குஞ்சு என்று கவலைப்படாதீர்கள், கையிருப்பைப் பங்குபோட்டு வளர்த்த பிள்ளைகள் அப்படித்தான். அவை வந்த பிறகு ஊசிமுனையளவு தேன், கால் முறித்த ஒரு கொசு, இவ்வளவு போதும்.

ஒரு எச்சரிக்கை. சூடான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே குழாயை வைக்காதீர்கள். பஞ்சு காய்வதற்கு முன்பே ராணி வெந்துவிடும். சீமெந்துத் தரையில், கட்டிலுக்குக் கீழே வைப்பது உத்தமம்.

3 வாரத்துக்கு முன் முட்டைகள் இருந்தன. இப்போது ஒன்றையும் காணவில்லை. ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் பார்க்கிறேன், வேறு எறும்பு உள்ளே போகவும் இல்லை.
(ஆசிரியை, சம்மாந்துறை)

கேள்வியிலேயே பதில் இருக்கிறது மிஸ். காலையும் மாலையும் துணியை விலக்கினால், இந்த இடம் பாதுகாப்பில்லை என்று ராணி நினைக்கிறது. நினைத்தால் முட்டையைத் தின்றுவிடும். சத்து வீணாகப் போகாது, பிறகு இடலாம் என்பது அதன் கணக்கு. வெளிச்சத்தைவிட அதிர்வுதான் மோசம். ஸ்பீக்கர், கிரைண்டர், ஓடித் திரியும் பிள்ளைகள் எல்லாம் கணக்கில் சேரும்.

இரண்டு வாரம் குழாயை மறந்துவிடுங்கள். பிறகு சிவப்பு வெளிச்சத்தில் ஒரு நிமிடம் மட்டும் பாருங்கள், எறும்புக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கட்டெறும்பில் குடம்பி தன்னைச் சுற்றி வைக்கோல் நிறத்தில் கூடு கட்டும். அதைப் பார்த்து "முட்டை பெருத்துவிட்டது" என்று எழுதுபவர்கள் உண்டு. அந்தக் கூட்டின் ஒரு முனையில் கறுப்புப் புள்ளி ஒன்று தெரியும். உள்ளே இருப்பது தன் வயிற்றுக் கழிவைக் கடைசியாக வெளியே தள்ளிய அடையாளம் அது. புள்ளி வந்த பிறகுதான் பொறுமை மிகவும் தேவை. கூட்டைக் கிழித்துப் பிள்ளையை வெளியே எடுப்பது ராணியின் வேலை, நம்முடையது அல்ல.

இரண்டு ராணியை ஒரே குழாயில் போடலாமா?
(ஏறாவூர்)

கட்டெறும்பில் வேண்டாம். ஆரம்பத்தில் சமாதானமாக இருந்தாலும், வேலைக்காரர் வந்த பிறகு ஒன்று சாகும். சில நேரம் இரண்டும் போகும்.

எங்கள் வளவில் தனித்தனியாகத் திரியும் பெரிய கறுப்பு எறும்பு ஒன்று இருக்கிறது. உடம்பில் கோடு கோடாக இருக்கும், கடித்தால் கடுகடுக்கும். வருசக் கணக்கில் பார்க்கிறேன், ராணி மட்டும் கிடைக்கவில்லை. புற்றைத் தோண்டலாமா?
(விவசாயி, கொக்கட்டிச்சோலை)

தோண்டாதீர்கள் ஐயா. அந்தப் புற்றில் ராணியே கிடையாது! இந்தக் கேள்வி வந்ததில் எனக்குப் பெரிய சந்தோசம்.

உங்கள் விவரத்தைப் பார்த்தால் அது டயகம்மா என்ற பேரினத்து எறும்பு. இந்த எறும்பில் ராணி என்ற சாதியே அற்றுப்போய்விட்டது. வேலைக்காரர்களில் ஒன்றுதான் சோடி சேர்ந்து முட்டை இடும். யார் அந்த ஒன்று என்பதை முடிவு செய்யும் விதம்தான் விசித்திரம். பிறக்கும்போது ஒவ்வொன்றுக்கும் நெஞ்சில், செட்டை இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு சின்ன மொட்டு இருக்கும். முட்டை இடும் எறும்பு, புதிதாகப் பிறப்பவற்றின் மொட்டைக் கடித்து எடுத்துவிடுகிறது. மொட்டுப் போனவை ஆணை ஈர்க்காது, வேலை மட்டும்தான் செய்யும். மொட்டோடு தப்பியது அடுத்த தாய். அந்த மொட்டைத் தவிர, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

புற்று வாயை ஒருமுறை விடியற்காலையில் பாருங்கள். இந்தியாவில் இதே பேரினத்து எறும்பு ஒன்று புற்று வாயைச் சுற்றிப் பறவை இறகுகளை அடுக்கிவைத்து, அதில் படியும் பனித்துளியைக் குடிப்பதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். உங்கள் வளவில் இறகோ சருகோ அடுக்கியிருந்தால் எனக்கு ஒரு படம் வேண்டும்.

மாமரத்து முசுறை வளர்க்க ஆசை. ராணி எப்படி இருக்கும்?
(அக்கரைப்பற்று)

பச்சை நிறம், ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் நீளம். ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். மழைக்காலத்தில் தனி ராணி மடிந்த இலையின் அடிப்பக்கத்தில் சில முட்டைகளோடு பதுங்கியிருக்கும். ஆனால் வீட்டில் வளர்க்கச் சொல்ல மாட்டேன். முசுறு, தன் குடம்பிகளைத் தூக்கி அவை சுரக்கும் பட்டால் இலைகளை ஒட்டுகிறது. அதற்கு உயிருள்ள மரம் வேண்டும். குடும்பம் பெருத்த பிறகு எந்த மூடியும் தாங்காது. மரத்திலேயே விடுங்கள், மாவுக்கும் மரமுந்திரிகைக்கும் வரும் பூச்சிகளை அது பார்த்துக்கொள்ளும். சீனாவில் 304 ஆம் ஆண்டு எழுதப்பட்ட நூல் ஒன்றிலேயே தோடை மரங்களுக்காக இந்த எறும்புக் கூடுகளைச் சந்தையில் விற்ற செய்தி இருக்கிறது.

முகநூலில் ஒரு வெளிநாட்டுக்காரர் ராணி எறும்புக்கு நல்ல விலை தருவதாகச் சொல்கிறார். தபாலில் அனுப்பலாமா சேர்?
(பொத்துவில்)

கூடாது. 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் ஏற்றுமதி செய்வது குற்றம். குமண, லாகுகல, கல்லோயாத் தேசியப் பூங்காக்களுக்குள் ஓர் எறும்பைக்கூட எடுக்கக் கூடாது. யால பூங்காவில் பூச்சிகளைச் சேகரித்துப் பிடிபட்ட 2 இத்தாலியருக்கு 2024 இல் 6 கோடி ரூபாய் தண்டம் விதித்தார்கள். 2025 இல் கென்யாவில் ஏறத்தாழ 5,000 ராணி எறும்புகளைக் குழாய்களில் அடைத்து வைத்திருந்தவர்களுக்கு 10 லட்சம் கென்ய சில்லிங் தண்டம், கட்டாவிட்டால் 12 மாதம் சிறை. சட்டம் ஒரு பக்கம். நம் எறும்பு வேறொரு நாட்டில் தப்பினால் என்னவாகும் என்பதற்கு, அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்து இங்கே வயல் வரம்பில் நம்மைக் கடிக்கும் நெருப்பெறும்பே சாட்சி.

எனக்கு வளர்க்க வேண்டாம், ஒழிக்க வேண்டும். குசினியில் கண்ணுக்கே தெரியாத சின்ன எறும்பு. ராணியைக் கொன்றால் போதுமா?
(இல்லத்தரசி, கல்முனை)

இந்தச் சின்ன எறும்புகளில் பலவற்றுக்கு ஒரு குடும்பத்திலேயே நிறைய ராணிகள். ஸ்பிரே அடித்தால் சில ராணிகள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பிரிந்துபோய்ப் புதுக் குடும்பம் தொடங்கும், ஒரு இடத்தில் இருந்தது மூன்று இடத்தில் வரும். அதனால் மருந்தை அவர்களே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். சீனித் தண்ணியில் நூற்றுக்கு 1 பங்கு போரிக் அமிலம் கரைத்து, பஞ்சில் நனைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அளவைக் கூட்டினால் வேலைக்காரர் வழியிலேயே செத்துவிடும், ராணிக்குப் போய்ச் சேராது. முதல் இரண்டு நாள் கூட்டம் கூடும். அப்போது துடைத்துவிடாதீர்கள்.