வீட்டுக் கொல்லையில் பெரிய மரத்தை வெட்டியபின் இடத்தை எப்படிச் சுத்தம் செய்வது?

கேட்டவர் மரத்தை இறக்கிவிட்டாராம். தழையும் கிளையும் தூளும் அடிக்கட்டையும் அப்படியே கிடக்கின்றன, எங்கிருந்து தொடங்குவது என்கிறார். முதலில் ஒன்று. அடிமரம் இன்னும் மூன்று நான்கு அடி உயரம் நின்றுகொண்டிருக்கிறதா? அதைத் தரையோடு அறுக்கவிடாதீர்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். நாங்கள் அங்கேதான் கோட்டை விட்டோம்.

எங்கள் வீட்டில் நின்றது வேம்பு. தாத்தா வைத்தது. ரெண்டு பேர் கை கோர்த்தால்தான் கட்டிப் பிடிக்க முடியும். ஓர் ஆடிக்காற்றில் பெரிய கிளை முறிந்து பின்கட்டு ஓட்டின்மேல் விழுந்தது. ஆள் வந்து பார்த்தபோது மேல்கவட்டையில் ஒரு பக்கம் பொக்கை விழுந்திருந்தது. அடுத்த காற்றுக்கு வீட்டின்மேல்தான் சாயும் என்று தெரிந்தபின் வேறு வழியில்லை. அம்மா அடியில் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டிவிட்டு உள்ளே போனவர், மரம் இறங்கும்வரை வெளியே வரவில்லை.

வெட்ட ஒன்றரை நாள். சுத்தம் செய்ய மூன்று வாரம். அதற்குக் காரணம் நான் கூலி பேசிய லட்சணம். “மரத்தை இறக்கித் தந்துடுறோம் சார்” என்றார்கள், சரி என்றேன். இறக்கினார்கள். மறுநாள் குச்சி குச்சியாகக் கிடந்த சிறு கிளைகளைக் காட்டி “மிலாறு, தழையெல்லாம் யாருண்ணே அள்ளுறது?” என்று கேட்டேன். “அது பேச்சுல இல்லையே தம்பி” என்றார் மேஸ்திரி. உண்மைதான், பேச்சில் இல்லை. (சார், ஒரே நாளில் தம்பி ஆகியிருந்தேன்.) கிளையைத் துண்டு போடுவது, தழையை அகற்றுவது, தூரை, அதாவது வேரோடு மண்ணில் நிற்கும் அடிக்கட்டையைப் பெயர்ப்பது, குழியை மூடுவது நான்குமே தனித்தனி வேலை. ஆள் இன்னும் கணக்கு முடித்துப் போகவில்லை என்றால், எது யாருடைய பொறுப்பு என்று இன்றே பேசிவிடுங்கள்.

தொடங்க வேண்டியது தழையில். காரணம் சுத்தம் மட்டும் இல்லை. தழை மூடியிருக்கும்வரை அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது: கூரான முறிகிளை, மறந்துபோன அரிவாள், சில சமயம் உயிருள்ளதும். நான் ஒரு பட்டைத் துண்டை வெறுங்கையால் புரட்டியபோது உள்ளே ஒரு தேள் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அன்று முதல் செருப்பை விட்டு ஷூ. கையை வைக்கும் முன் குச்சியால் ஒரு தட்டு. குவியலை அடியிலிருந்து இழுக்காதீர்கள், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வராது, வந்தால் மேலே இருப்பது முகத்தில் அடிக்கும். மேலே கிடப்பதை, வெட்டுவாய்ப் பக்கம் பிடித்து இழுத்தால் இலைப்பக்கம் தானாக மடங்கி வரும்.

வேப்பந்தழை என்றால் பாதி வேலையை ஆடுகள் பார்த்துக்கொள்ளும். தெருவில் ஆடு வைத்திருந்த அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னேன், ரெண்டு நாளில் ஆறேழு கட்டு போய்விட்டது. வயல் பக்கத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், நடவுக்கு முன் சேற்றில் போட்டு மிதிக்க வேப்பந்தழை வேண்டும் என்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். மீதியைக் கொல்லை மூலையில் குழி எடுத்து, சாணிப்பால் தெளித்து மண் போட்டு மூடினேன். கொளுத்த மட்டும் வேண்டாம். பச்சைத் தழை எரியாது, புகையும். அக்கம்பக்கத்தார் சாபம் தனி. கட்டைவிரல் தடிமனுக்கு மேலே உள்ளதை எல்லாம் விறகுக்கு ஒரே நீளத்தில் வெட்டி அடுக்கினோம். மிலாறைக் கட்டாகக் கட்டி வைத்தால் வெந்நீர் அடுப்புக்கு யாராவது கேட்டு வாங்கிப்போவார்கள்.

மரத்தூளைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை, அதனால் சொல்கிறேன். பவர் சா என்கிற செயின் ரம்பம் ஓடிய இடமெல்லாம் தூள் கணுக்கால் ஆழம் கிடந்தது. நல்ல உரம் என்று நினைத்து அம்மாவின் கத்தரிப் பாத்தியில் கொத்திவிட்டேன். பத்துப் பதினைந்து நாளில் இலையெல்லாம் வெளுத்து மஞ்சளானது. பச்சைத் தூள் மக்கும்போது அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும், செடிக்கு மிஞ்சாது. தூளை மேலாகப் பரப்பலாம், நடைபாதையில் போடலாம், சாணியோடு குழியில் போட்டு நன்றாக மக்கியபின் செடிக்கு வைக்கலாம். நேராக வேரடியில் கூடாது.

அடிமரத்தை மில்லுக்கு அனுப்ப நினைத்தால் முதலில் அதில் ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் மரத்தை அறுக்கும்போது திடீரென்று கிரீச் என்று சத்தம், ஒரு பொறி, செயின் பல் போச்சு. பிளந்து பார்த்தால் நாலு விரல் ஆழத்தில் ஒரு கொக்கி. துணிக்கொடி கட்டப் பாட்டி அடிக்கச் சொன்னதாம். மரம் அதை விழுங்கி, மேலே பட்டை மூடி, வெளியே ஒரு தழும்புகூட இல்லை. கொக்கியைச் சுற்றி மரம் மை ஊற்றியதுபோல் கறுத்திருந்தது. அந்த மாதிரிக் கறுப்புக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கலாம்.

விறகாக விற்பதானால் தள்ளிப்போடாதீர்கள். எடை போட்டு வாங்குவார்கள், காயக் காய எடை குறையும். பலகைக்கு வைப்பதானால் வெட்டுவாய் ரெண்டிலும் அன்றைக்கே சாணியைக் கெட்டியாகப் பூசி நிழலில் போடுங்கள். இல்லையென்றால் முனை சீக்கிரம் காய்ந்து வெடிப்பு உள்ளே ஓடிவிடும். எங்களுக்கு ஒரு பெஞ்சுக்கு மட்டும் தேறியது.

இனி தூர். எங்கள் ஆட்கள் அடிமரத்தைத் தரைமட்டத்துக்கு அழகாக அறுத்துக் கொடுத்தார்கள். நானும் மகிழ்ந்துபோய்க் கூடுதலாகக் காசு கொடுத்தேன். முட்டாள்தனம். நெஞ்சுயரம் விட்டிருந்தால், சுற்றிப் பள்ளம் எடுத்துப் பக்கவேர்களை வெட்டி, உச்சியில் சங்கிலி போட்டு, செயின் பிளாக் என்கிற கைச்சங்கிலிக் கப்பியால் இழுத்துச் சாய்த்திருக்கலாம். நீண்ட அடிமரமே நெம்புகோல். தரையோடு அறுத்தபின் பிடிக்க எதுவும் இல்லை. ஜேசிபிக்கு எங்கள் சந்தில் வழியில்லை. வழி இருந்திருந்தாலும் பயனில்லை, பக்கத்திலேயே செப்டிக் டேங்க்.

யோசனைகள் மட்டும் குறைவில்லாமல் வந்தன. பெருங்காயத்தைத் துளையில் வை, ஆசிட் ஊற்று, உப்பைக் கொட்டு. உப்பும் ஆசிடும் மண்ணைக் கெடுக்கும், பிறகு அங்கே எதுவும் எளிதில் முளைக்காது. உமியும் வரட்டியும் போட்டு நாள்கணக்கில் கனலவிடும் முறை வெட்டவெளிக்குச் சரி. வீட்டருகே வேண்டாம், நெருப்பு வேர் வழியாக மண்ணுக்குள் ஓடும். அப்படியே விட்டால் வேம்பு சும்மா இருக்காது, துளிர்த்துக்கொண்டே இருக்கும். அங்கே எதுவும் கட்டப்போவதில்லை என்றால் துளிரை வாரம் ஒருமுறை ஒடித்துவிட்டு, மேலே மண் மூடி ஈரமாக வைத்திருங்கள், சில வருடத்தில் உளுத்துவிடும். எங்களுக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டும். முதல் நாள் இரவு தண்ணீர் கட்டி, காலையில் கடப்பாரையால் தோண்டி, வேர்களைக் கோடாரியால் வெட்டினோம். மண் பட்டால் பவர் சா பல் மழுங்கிவிடும் என்று அதைக் கிட்டே கொண்டுவரவே மாட்டேன் என்றார் மேஸ்திரி. பிறகு தூரில் ஆப்பு அடித்துத் துண்டு துண்டாகப் பிளந்து எடுக்க ரெண்டு பேருக்கு மூன்று நாள் ஆனது. கோடாரி விழும் இடத்துக்குக் கீழே தண்ணீர்க் குழாய் ஓடுகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் பார்க்கவில்லை, ஒரு குழாய் உடைந்தது.

குழியை மூடும்போது ஒரு அடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு, மண் அமுங்கியபின் அடுத்த தட்டு போட வேண்டும். நான் ஒரு லோடு செம்மண்ணை ஒரே மூச்சில் தள்ளி மேலே மிதித்துவிட்டு வந்தேன். ஐப்பசியில் ரெண்டு நாள் அடைமழை. காலையில் பார்த்தால் ஸ்கூட்டர் ஸ்டாண்டோடு ஒரு முழம் உள்ளே இறங்கிப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. மறுபடி அரை லோடு வாங்கி, இந்த முறை தண்ணீர் விட்டுத்தான் நிரப்பியிருக்கிறேன். ஸ்கூட்டர் இன்னும் தெருவில்தான் நிற்கிறது.