ஒறம்பரை வந்தால் குட்டிக்குத் தலைகால் புரிவதில்லை

கேள்வி: நாலு மாத லேப்ரடார் குட்டி ஒன்று வளர்க்கிறோம், பெயர் சீனி. எங்களோடு இருக்கும்போது சாதுவாகத்தான் இருக்கிறது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு ஒறம்பரை (விருந்தாளி) யாராவது உள்ளே வந்துவிட்டால் போதும், தலைகால் புரியாமல் ஆடுகிறது. மேலே தாவுகிறது, சேலையைக் கவ்வி இழுக்கிறது, நேற்று எங்கள் நங்கையாள் காலடியிலேயே மூத்திரம் விட்டுவிட்டது. அவர் பேரன் கையில் நகம் பட்டு லேசாகக் கீறியும் விட்டது. மாமனார் "எல்லாருக்கும் வாலாட்டுற நாய் காவலுக்கு ஆகாது, நாலு போட்டுக் கட்டி வை" என்கிறார். வீட்டுப் பின்பக்கம் பொடக்காணியில் கட்டினால் ஊரே கேட்கிற மாதிரி ஊளையிடுகிறது. தை மாதம் கொழுந்தனாருக்குக் கல்யாணம், வீடு நிறைய ஆள் வரும். நாங்கள்தான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோமா?
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம் பக்கம்

பதில்: சீனியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தப் பையன் கையைப் பற்றிப் பேசிவிடலாம் அம்மணி. "லேசாகக் கீறியது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. ரத்தம் வராத சின்னக் கீறலாக இருந்தாலும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், அப்புறம் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதையும் அப்பக் கூடாது. ஊசி வேண்டுமா, எத்தனை தடவை போட வேண்டும் என்பதை மருத்துவர் சொல்லட்டும். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுகிறார்கள். "நம்ம வீட்டுக் குட்டிதானே" என்று விட்டுவிடாதீர்கள். ரேபீஸ் நோயின் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் அநேகமாக யாரையும் காப்பாற்ற முடிவதில்லை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ரேபீஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். போடவில்லை என்றால் நாளைக்கே கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

சரி, இப்போது சீனிக்கு வருவோம். நீங்கள் கொடுத்த செல்லத்தால் வந்ததில்லை இது. ஓநாய்க் குட்டிகளைக் கவனித்தவர்கள் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். வேட்டைக்குப் போன பெரியது திரும்பி வந்ததும் குட்டிகள் எல்லாம் ஓடிப் போய் அதன் வாயை நக்கும், நக்கினால் அது விழுங்கி வைத்த இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும், குட்டிகளுக்குப் பசி தீரும். நாய்க்குட்டிக்கும் அந்த வழக்கம் ரத்தத்திலேயே இருக்கிறது. பெரியவர் யாராவது வந்தால் வாய்க்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் "நான் சின்னவன், உனக்கு அடங்கினவன், என்னைச் சேர்த்துக்கொள்" என்று சொல்வதுதான் அதற்குத் தெரிந்த வணக்கம். நம் வாயோ எங்கேயோ உயரத்தில் இருக்கிறது, எட்டுவதற்குத் தாவித்தானே ஆக வேண்டும்?

சேலையைக் கவ்வுவதற்கும் காரணம் உண்டு. லேப்ரடார், துப்பாக்கியில் சுட்டு விழுந்த பறவையைச் சேதாரம் இல்லாமல் வாயில் எடுத்துவந்து கொடுப்பதற்கென்றே வளர்த்த இனம். சந்தோஷம் வந்தால் அதற்கு வாயில் ஏதாவது இருந்தாக வேண்டும். முந்தானை ஆடிக்கொண்டு கண்ணுக்கு நேரே தொங்கினால் அதைத்தான் பிடிக்கும். ஆள் வரும்போது ஒரு கயிற்று முடிச்சையோ பழைய துணிப் பொம்மையையோ முதலிலேயே வாயில் கொடுத்துவிடுங்கள், பட்டுச் சேலைகள் பிழைத்துக்கொள்ளும்.

ஆக, துள்ளல் பிறவியிலேயே வந்தது. ஆனால் அது நிற்காமல் வளர்வதற்கு வீட்டில் இருக்கிற நாமும் வருகிறவர்களும்தான் காரணம். தாவுகிற குட்டியை ஒருவர் "அடடே, கண்ணு" என்று தூக்கிக் கொஞ்சுகிறார், இன்னொருவர் "சீ, போ" என்று கையால் தள்ளுகிறார், மூன்றாவது ஆள் அலறுகிறார். நமக்கு இவை மூன்றும் வேறு வேறு, குட்டிக்கு மூன்றும் ஒன்றுதான்: தாவினால் ஆள் என்னைப் பார்க்கிறார், தொடுகிறார், சத்தம் போட்டு விளையாடுகிறார். கையால் தள்ளுவதை விளையாட்டுக்குக் கூப்பிடுவதாகத்தான் அது எடுத்துக்கொள்ளும். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பத்துப் பேரில் இரண்டு பேர் மட்டும் கொஞ்சினாலும் அந்தப் பழக்கம் விடாது. எப்போதாவது கிடைக்கிற பரிசுக்குத்தான் நாயும் சரி மனுசனும் சரி விடாமல் முயற்சி செய்துகொண்டே இருப்பார்கள். அதனால் வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி நடக்கவில்லை என்றால் நான் எழுதுகிற எதுவும் உங்களுக்குப் பயன்படாது.

மூத்திரம் விட்டதற்கு அடித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, அடித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். குட்டிக்கு அடக்கும் தசை இன்னும் முழுசாக வலுப்படவில்லை, அளவுக்கு மீறிய சந்தோஷத்தில் தானாகவே வந்துவிடும். சில குட்டிகள் காதைப் பின்னால் மடித்து, உடம்பைக் குறுக்கி, மல்லாந்து படுத்துக்கொண்டு விடும்; பணிந்துபோகிறேன் என்று சொல்கிற முறை அது. அதை அதட்டினால் இன்னும் பணிவைக் காட்டும், இன்னும் விடும். பேசாமல் துடைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். ஆள் வருவது தெரிந்தால் முன்கூட்டியே வெளியே கூட்டிப்போய் மூத்திரம் போகவிட்டுக் கூட்டிவாருங்கள். வருகிறவர் மேலே கவிழ்ந்து குனியாமல், கண்ணுக்குக் கண் பார்க்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்து நெஞ்சில் தடவட்டும், தலைமேல் கை வைக்க வேண்டாம். அநேகக் குட்டிகள் ஒரு வயதுக்குள் இதை விட்டுவிடும். சும்மா இருக்கும்போதும் சொட்டுச் சொட்டாகப் போனாலோ ரத்தம் தெரிந்தாலோ அது வேறு, மருத்துவரிடம் காட்டுங்கள்.

கட்டி வைக்கிற விஷயத்தில் என் வீட்டு அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். பல வருசம் முன்னால் எங்கள் தோட்டத்தில் ஒரு நாய் இருந்தது. ஆள் வந்தால் பின்பக்கம் கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டிவிடுவோம், அங்கே அது கத்திக் கத்தி ஓயும். இரண்டு வருசத்தில் யாரைப் பார்த்தாலும் பல்லைக் காட்ட ஆரம்பித்தது. நாங்கள் அதைக் காவல் புத்தி என்று நினைத்துப் பெருமைப்பட்டோம். ஒரு மருத்துவர் பார்த்துவிட்டு, "இதுக்குக் காவல் தெரியலைங்க, ஆளைக் கண்டா பயம்தான் தெரியுது" என்றார். ஆள் வந்தால் நமக்குக் கெட்டது நடக்கும் என்று நாங்களேதான் அதற்குப் பாடம் எடுத்திருக்கிறோம். நாய்க்கு ஆட்களோடு பழகப் பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் 12 முதல் 14 வாரம் வரைதான் முக்கியமான காலம். சீனி அதைத் தாண்டியும் எல்லாரையும் சிநேகமாகப் பார்க்கிறது என்றால் நீங்கள் நன்றாகத்தான் வளர்த்திருக்கிறீர்கள், அதைச் சங்கிலி போட்டுக் கெடுத்துவிடாதீர்கள்.

இப்போது என்ன செய்யலாம்? ஆசாரத்தில் (முன்கூடத்தில்) வாசல் கண்ணுக்குத் தெரிகிற, ஆனால் வாசலை ஒட்டி இல்லாத ஒரு மூலையைப் பிடியுங்கள். பழைய பவானி ஜமக்காளம் ஒன்று நாலாக மடித்தது போதும், அதுதான் சீனியின் இடம். யாரும் வராத நேரத்தில் அதில் உட்கார்ந்தால் வேகவைத்த முட்டைத் துண்டோ, உப்புக் காரம் இல்லாத கோழித் துண்டோ பட்டாணி அளவில் கொடுங்கள். கையை உயர்த்திக் கொடுக்காமல் ஜமக்காளத்தின் மேலேயே போடுங்கள், மூக்கு கீழே போனால் முன்கால் மேலே வராது. நாலு நாளில் அதுவாகவே போய் உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பிக்கும். அப்புறம் வீட்டு ஆளே வெளியே போய்க் கதவைத் தட்டி உள்ளே வரட்டும், ஒரே சாயங்காலத்தில் பத்துத் தடவை. முதல் தடவை ஆடும், ஐந்தாவதில் வால் மட்டும் ஆடும், பத்தாவது தடவை கொட்டாவி விடும். வண்டிச் சத்தம், கேட் திறக்கிற சத்தம் எல்லாவற்றுக்கும் இப்படியே பழக்குங்கள், ஏனென்றால் அதற்கு வெறி ஏறுவது ஆளைப் பார்த்த பிறகு இல்லை, அந்தச் சத்தம் கேட்ட நொடியிலேயே.

நிஜமான ஒறம்பரை வரும்போது உடம்பில் மாட்டுகிற பட்டையில் நாலைந்து அடிக் கயிறு கோத்துத் தூணில் கட்டுங்கள். ஆட்களுக்கு நடுவில்தான் இருக்க வேண்டும், பொடக்காணியில் வேண்டாம். கயிற்றோடு தனியாக விட்டுவிட்டும் போகாதீர்கள். வந்தவர் அதைக் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கட்டும். நாலு காலும் தரையில் இருந்தால் பக்கத்தில் போகலாம், தாவினால் பேசாமல் திரும்பி இரண்டு அடி பின்னால் வந்துவிட வேண்டும். முழங்காலால் நெஞ்சில் இடிக்கச் சொல்லிச் சிலர் யோசனை தருவார்கள், வளர்கிற குட்டிக்கு அடிபடும், வேண்டவே வேண்டாம். முதல் சில நாள் முன்னைவிட மோசமாகத் தாவும், குரைக்கும். இத்தனை நாள் பலித்தது ஏன் பலிக்கவில்லை என்று இன்னும் பலமாக முயற்சி செய்து பார்க்கிறது, அவ்வளவுதான். நிறைய வீடுகளில் சரியாக இந்த இடத்தில்தான் கைவிட்டுவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் விடலைப் பருவத்தில் இன்னொரு சுற்று வரலாம், அப்போதும் இதேதான். இந்த இனம் 25 கிலோவுக்கு மேல் போகும், 35-ஐயும் தொடும். இன்றைக்கு எல்லாரும் ரசிக்கிற அதே தாவல் அடுத்த வருசம் ஒரு வயசான அம்மாயியைக் கீழே தள்ளி இடுப்பு எலும்பை முறித்துவிடும்.

ஒரு சின்ன விஷயம், தூக்கம். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் பெரும்பகுதி தூங்கியாக வேண்டும். தூக்கம் கெட்ட குழந்தை மாதிரிதான், அசதியில் ஆட்டம் கூடும். ஆள் வரும் நாளில் மதியம் யாரும் எழுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமனார் கவலையை ஒதுக்க முடியாது, தோட்டத்து வீட்டில் காவல் வேண்டும்தான். ஆனால் நாலு மாதக் குட்டியை வைத்துக் காவலை முடிவு செய்ய முடியாதுங்க. இடத்தைத் தனதென்று நினைத்துக் குரைக்கிற புத்தி வயது ஏற ஏறத்தான் வரும். லேப்ரடார் கடித்து விரட்டுகிற இனமும் இல்லை, ராத்திரி ஆள் வந்தால் குரல் கொடுக்கும், அதுவரைக்கும் எதிர்பார்க்கலாம். அடிவாங்கி வளர்ந்த நாய் திருடனைப் பிடிப்பதைவிட வீட்டுக்கு வருகிற பேரப்பிள்ளையைக் கடிப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று அவரிடம் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள்.

தை மாதக் கல்யாணத்தைச் சீனிக்குப் பரீட்சையாக வைக்காதீர்கள். மேளமும் நூறு ஆளும் சாப்பாட்டு வாசனையும் பழக்கிய பெரிய நாய்க்கே தாங்காது. அன்றைக்குப் பழகின ஆள் ஒருவரோடு உள் அறையிலோ பக்கத்துத் தோட்டத்திலோ இருக்கட்டும், யார் வீடாக இருந்தாலும் ஒரு வாரம் முன்னால் ஓரிரு முறை அங்கே கொண்டுபோய்ப் பழக்கிவிடுங்கள்.

பழக்குவதற்கு ஆள் எங்கே தேடுவது என்று யோசிக்காதீர்கள். பால்காரர் தினமும் அதே நேரத்துக்கு, அதே வண்டிச் சத்தத்தோடு வருகிறார், இரண்டு நிமிடத்தில் போய்விடுகிறார், அவரைவிட நல்ல ஆள் கிடைக்காது. நாளைக் காலையில் சீனியைப் பார்த்தால் கொஞ்ச வேண்டாம், விரட்டவும் வேண்டாம், பாலை ஊற்றிவிட்டு நாலு காலும் தரையில் இருந்தால் மட்டும் இந்த முட்டைத் துண்டைக் கீழே போடுங்கள் என்று சொல்லி அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.