வால்வு கசிவும் மியூகா ஸ்கேனும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அப்பாவுக்கு மைட்ரல் வால்வில் கசிவு. எக்கோ எடுத்தாயிற்று. இப்போது திருவனந்தபுரத்தில் மியூகாவும் கேட்கிறார்கள். எதற்கு? (களியக்காவிளை வாசகர்)

மைட்ரல் என்பது இதயத்தின் இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வு. அதைப் பார்க்க எக்கோதான். மியூகா என்பது ரத்தத்தில் சிறிதளவு கதிரியக்க மருந்தை ஏற்றி, அது விடும் காமா கதிர்களைக் கேமராவால் எண்ணும் இதய ஸ்கேன். அது வால்வைக் காட்டாது. ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை எத்தனை சதவீத ரத்தத்தை வெளியேற்றுகிறது என்று சொல்லும். அதுதான் ஈ.எஃப். உடல் பருமனாலோ நுரையீரல் நோயாலோ எக்கோ படம் தெளிவாக விழாதபோதும், எக்கோ தரும் எண்ணும் மூச்சுவாங்கலும் ஒத்துப்போகாதபோதும் இது கைகொடுக்கும். அறையின் வடிவத்தை ஊகிக்காமல் காமா கதிர்களை எண்ணியே கணக்கிடுவதால், பிறகு எடுக்கும் ஸ்கேனோடு ஒப்பிடலாம். கூடுமானவரை ஒரே இடத்தில் எடுங்கள்.

ஈ.எஃப். 58 வந்திருக்கிறது. 50க்கு மேல் நார்மல்தானே? ஆபரேஷன் ஏன்? (செங்கோட்டை வாசகி)

கடுமையான மைட்ரல் கசிவில் 58 நல்ல எண் அல்ல. கீழறை சுருங்கும்போது ஒரு பங்கு ரத்தம் முன்னால் போகாமல், அழுத்தம் குறைந்த மேலறைக்கே திரும்புகிறது. கேமரா அதையும் வெளியேறிய ரத்தமாகவே எண்ணும். அதனால் தசை சோர்ந்த பிறகும் எண் உயர்ந்தே நிற்கும். வால்விலேயே கோளாறுள்ள கடுமையான கசிவில், ஈ.எஃப். 60 அல்லது அதற்குக் கீழ் என்றாலோ, சுருங்கிய நிலையில் அறையின் விட்டம் 40 மி.மீ. எட்டினாலோ, தொந்தரவு இல்லாவிட்டாலும் அறுவைச் சிகிச்சையை யோசிக்கிறார்கள். அயோர்டிக் வால்வு (இடது கீழறையின் வெளிவாசல்) கசிவில் ஈ.எஃப். எல்லை 55. '50க்கு மேல்' என்ற நிம்மதியில் தள்ளிப்போடாதீர்கள். தசை தளர்ந்தபின் வால்வை மாற்றினாலும் பழைய பலம் முழுதாகத் திரும்புவதில்லை.

ரிப்போர்ட்டில் இடது, வலது கீழறைகள் வெளியேற்றும் அளவின் விகிதம் இருந்தால் அதையும் கேளுங்கள். கசிவில்லாதவருக்கு 1ஐ ஒட்டி, சற்று மேலே இருக்கும். 2 என்றால் இடது அறை தள்ளியதில் ஏறக்குறைய பாதி திரும்பி வருகிறது. ட்ரைகஸ்பிட் வால்வும் (வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ளது) கசிந்தால் இந்த விகிதம் குறைத்துக் காட்டும். அப்போது அதை நம்ப வேண்டாம்.

நாடி ஒழுங்காக இல்லை. ஸ்கேன் சரியாக வருமா? (பாலக்காடு வாசகர்)

இதுதான் பெரிய சிக்கல். ஈ.சி.ஜி. அலையை வைத்து ஒவ்வொரு துடிப்பையும் 16 அல்லது 24 துண்டுகளாகப் பிரித்து, நூற்றுக்கணக்கான துடிப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்துத்தான் படம் உருவாகிறது. நீளம் மாறும் துடிப்புகளைக் கணினி ஒதுக்கும், நேரம் கூடும். மிக அதிகம் ஒதுக்கப்பட்டால் எண் நம்பகமல்ல. துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பட்டினி வேண்டுமா? ஊசி எத்தனை? (மார்த்தாண்டம் வாசகி)

ஓய்வு நிலை ஸ்கேனுக்குப் பொதுவாகப் பட்டினி தேவையில்லை. முதல் ஊசி வெள்ளீய மருந்து. சுமார் 20 நிமிடம் கழித்து டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்து, வழக்கமாக 20 முதல் 25 மில்லிக்யூரி. அது சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்ளும். ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி) போட்டுக்கொண்டிருந்தால் சொல்லுங்கள்; ஒட்டுவது கெட்டு, தைராய்டும் இரைப்பையும் படத்தில் ஒளிரும். டெக்னீசியம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால் சொன்ன நேரத்துக்குப் போய்விடுங்கள்.

சித்ரா வால்வு (திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனம் உருவாக்கிய செயற்கை வால்வு) வைத்தவருக்கு இதை எடுக்கலாமா? (நெய்யாற்றின்கரை வாசகர்)

தாராளமாக. எம்.ஆர்.ஐ. போலக் காந்தம் இதில் இல்லை. ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர் ஊசி போட்ட இடத்தைச் சில நிமிடம் கூடுதலாக அழுத்திப் பிடிக்கட்டும். கர்ப்பமாக இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.