சிறுநீரகத்தில் ஏன் தழும்பு விழுகிறது? கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'இண்டர்ஸ்டீஷியல் ஃபைப்ரோசிஸ் 40 சதவீதம்' என்று இருக்கிறது. புற்றுநோயா?

பதில்: இல்லைம்மா, அது தழும்பு. முழங்காலில் அடிபட்ட இடத்தில் விழும் தழும்பில் இருக்கிற அதே கொலாஜன் என்ற நார்ப்புரதம்தான், இங்கே சிறுநீரகத்துக்குள் சிறுநீரை உருவாக்கும் நுண்குழாய்களுக்கு இடையில் படிந்திருக்கிறது. ட்ரைக்ரோம் சாயம் ஏற்றினால் நீலமாகத் தெரியும். ஊசியில் எடுத்த சின்னத் துணுக்கைப் பார்த்துச் சொல்லும் மதிப்பீடு என்பதால் 40-ஐக் கறாரான கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: முழங்கால் புண் ஆறிவிடுகிறது. இது மட்டும் ஏன் நிற்பதில்லை?

பதில்: காயம் நிற்காததால்தான். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுப்படாவிட்டால் குழாய்ச் செல்கள் தினமும் அடிபடுகின்றன. அடிபட்ட செல் தன்னைப் புதுப்பிக்க இரண்டாகப் பிரியத் தொடங்கும். சில செல்கள் பாதிப் பிரிதலிலேயே சிக்கிக்கொள்ளும். அந்த நிலையில் அவை டிஜிஎஃப்-பீட்டா போன்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரந்துகொண்டே இருக்கும். நுண்ரத்தக் குழாய்களைத் தழுவிக்கொண்டிருக்கும் பெரிசைட் செல்கள் அதைக் கேட்டு மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்ற தழும்பு போடும் செல்லாக மாறி, கொலாஜனைக் கொட்டுகின்றன. அவை விலகிப் போனதால் பிடிமானம் இழந்த ரத்தக் குழாய்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. ஆக்சிஜன் குறைகிறது, பக்கத்துக் குழாய்ச் செல்லும் அடிபடுகிறது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தச் சுழற்சிதான். முதல் காரணம் ஓய்ந்த பிறகும் இது ஓடலாம்.

கேள்வி: குழாய்ச் செல்களே மயோஃபைப்ரோபிளாஸ்டாக மாறுவதாகக் கல்லூரியில் படித்தேனே?

பதில்: 2000-களின் தொடக்கத்தில் பலரும் அப்படித்தான் நினைத்தோம். அப்புறம் எலிகளில் செல்களுக்கு மரபணு அடையாளம் இட்டுப் பின்தொடர்ந்தார்கள். பெரும்பங்கு பெரிசைட்டுகளும் அங்கேயே இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற நார் செய்யும் செல்களும்தான் என்று தெரிந்தது. குழாய்ச் செல் தூண்டிவிடுகிறது, முழுதாக உருமாறுவது அபூர்வம்.

கேள்வி: அப்படியென்றால் டிஜிஎஃப்-பீட்டாவைத் தடுத்தால் போதாதா?

பதில்: சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அதற்கான எதிர்ப்பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் கிடைக்கவில்லை. அதே புரதம் அழற்சியை அடக்கும் வேலையும் செய்கிறது.

கேள்வி: விழுந்த தழும்பு மறையுமா?

பதில்: 1998-இல் வந்த ஓர் ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 8 பேருக்குக் கணைய மாற்று செய்து, சர்க்கரை இயல்பாகிவிட்டது. 5 ஆண்டு கழித்துப் பயாப்ஸி எடுத்தால் சிறுநீரகத்தில் முன்னேற்றமே இல்லை. 10 ஆண்டில் வடிமுடிச்சின் (ரத்தத்தை வடிகட்டும் நுண்ரத்தக் குழாய் முடிச்சு) தடித்த சவ்வு மெலிந்திருந்தது! ஆனால் அடியோடு அழிந்துபோன நெஃப்ரான், அதாவது வடிமுடிச்சும் அதன் குழாயும் சேர்ந்த அலகு, திரும்பாது. அதனால் உங்கள் அப்பாவுக்கு மிச்சமிருப்பதைக் காப்பதுதான் இப்போதைய வேலை. ஏசிஇ தடுப்பான் என்ற ரத்த அழுத்த மருந்து, டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் அவருக்குப் பொருந்துமா என்று சிறுநீரக மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள்.