ஒரே மூலிகையின் எண்ணெய் புட்டிக்குப் புட்டி வேறு மணம் வீசுவது ஏன்?

தைம் (thyme) என்ற மணமுள்ள மூலிகைச் செடியை எடுத்துக்கொள்வோம். ஒரே இனம்தான், இலை, பூ பார்த்துப் பிரித்தறிவது கடினம். ஆனால் எண்ணெயில் மேலோங்கும் பொருள் செடிக்குச் செடி மாறலாம். இதையே வேதிவகை என்கிறார்கள். நம் இரத்த வகை மாதிரி: முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, பிறப்பிலேயே அமைந்துவிடுகிறது.

தென் பிரான்சின் காட்டுத் தைமில் மட்டும் 6 வகைகள். தைமால், கார்வக்ரால் என்ற மணப்பொருள்கள் மிகுந்தவை மருந்து நெடி அடிக்கும். ஜெரானியால் என்ற மணப்பொருள் மிகுந்தது ரோஜாவை நினைவூட்டும். எதை உருவாக்குவது என்பது மரபணுவின் வேலை. எது பிழைப்பது என்பது இடத்தின் வேலை. தைமால் வகை வறண்ட வெப்பத்தைத் தாங்கும், கடும் உறைபனியில் திணறும். அதனால் குளிர்காற்று தேங்கும் பள்ளங்களில் மற்ற வகைகளே அதிகம். (அறுவடைக் காலமும் அளவைக் கொஞ்சம் மாற்றும்.)

மணம் மாறினாலே கலப்படம் என்று முடிவுகட்ட வேண்டாம். அது வேறு வேதிவகையாகவும் இருக்கலாம்.