கவுன்சிலராக ஆசைப்படும் பிள்ளைக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

போன சனிக்கிழமை ஒரு தாயும் தகப்பனும் மகளோடு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தார்கள். லண்டனுக்கு வெளியே ஒரு கவுண்டியில் கடை வைத்திருக்கும் குடும்பம். பிள்ளைக்கு 18 வயது. மெடிசினுக்கு இங்கே இடம் கிடைக்கவில்லை, அவளுக்கு அதில் கவலையும் இல்லை, கவுண்டி கவுன்சில் என்ற உள்ளூராட்சிச் சபைக்கான தேர்தலில் நிற்கவேண்டும் என்கிறாள். "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று தாய் கண் கலங்கினார். பிள்ளை கெட்டிக்காரி, பயப்படாதீர்கள் என்று ஆறுதல்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் தகப்பன், பெரியப்பா சொன்னபடி வீட்டின் மேல் இன்னும் கடன் எடுத்துப் பல்கேரியாவில் டொக்டருக்குப் படிப்பிக்கப் போகிறோம் என்றார்.

வேண்டாம் அண்ணை. ஆறு வருடப் படிப்பு, இங்கத்தைய மாணவர் கடன் அதற்குக் கிடையாது. ஃபீஸ், வாடகை, டிக்கெட் எல்லாம் உங்கள் கையிலிருந்துதான் போகவேண்டும், அதுவும் டொக்டராக விருப்பமே இல்லாத ஒரு பிள்ளைக்கு. மாதத் தவணையைப் பெரியப்பா கட்டப்போவதில்லை.

அதற்காக, இதெல்லாம் ஒரு வேலையா என்று தாய் கேட்ட கேள்வி பிழை என்று சொல்லவில்லை. கவுன்சிலருக்குச் சம்பளம் கிடையாது, அலவன்ஸ்தான். பல கவுண்டிகளில் வருடத்துக்கு 10 ஆயிரத்துக்கும் 20 ஆயிரத்துக்கும் இடைப்பட்ட பவுண்ஸ், அதிலும் வரி உண்டு. தலைவருக்கும் கேபினட்டில் இருப்பவர்களுக்கும் கூடுதலாகக் கிடைக்கும். பதவி நாலு வருடம், அதற்குப் பிறகு ஒரு மே மாத வியாழக்கிழமை ஊர் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஆகவே தங்கச்சி, கையில் ஒரு தொழில் இல்லாமல் இதில் இறங்காதே. சட்டம், அரசியல் என்று பெயருக்கு ஒரு பட்டம் எடுத்துக் கடனோடு வெளியே வருவதிலும் எனக்கு உடன்பாடில்லை.

யாரும் கவனிக்காத வழி ஒன்று இருக்கிறது: பரிஷ் கவுன்சில், அதாவது கிராமம், சிறு ஊர் அளவில் இயங்கும் அடிமட்டச் சபை. இங்கிலாந்தில் சுமார் 10 ஆயிரம் இருக்கின்றன. விளையாட்டுத் திடல், வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகள், பஸ் தரிப்பிடக் கூரை, சில ஊர்களில் இடுகாடு என்று சின்ன வேலைகள்தான், ஆனால் கவுன்சில் வரியோடு சேர்த்து வாங்கும் சொந்தப் பணம் அதற்கு உண்டு, பக்கத்தில் ஒரு கட்டடம் எழும்புவதென்றால் அதன் கருத்தும் கேட்கப்படும். இடையில் ஓர் இடம் காலியானால் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டுவார்கள். 14 வேலைநாளுக்குள் 10 வாக்காளர்கள் தேர்தல் கேட்காவிட்டால், கவுன்சிலே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும். கடந்த 12 மாதமும் அந்தப் பரிஷிலோ அதிலிருந்து மூன்று மைலுக்குள்ளோ வசித்திருந்தால் அவள் தகுதியானவள். அங்கே ஒரு வருடம் இருந்தாலே பட்ஜெட் வாசிக்கவும், கோபத்தோடு வரும் அயலவரிடம் பேசவும் பழகிவிடுவாள்.

வருமானத்துக்கு, பக்கத்துக் கவுன்சில் ஒன்றில் வேலை செய்துகொண்டே தொழில் படிக்கும் அப்ரண்டிஸ்ஷிப். கணக்கியல், சமூகப்பணி போன்றவற்றுக்கு உண்டு. படிப்புச் செலவை அவள் கட்டத் தேவையில்லை, சம்பளமும் வரும். எந்தக் கவுன்சிலில் வேலை செய்கிறாளோ அதே கவுன்சிலில் உறுப்பினராக முடியாது, அதனால்தான் பக்கத்துக் கவுன்சில் என்கிறேன். மேல்நிலைப் பதவிகளில் இருப்பவர்கள் எங்கேயும் கவுன்சிலராகக் கூடாது என்ற அரசியல் தடையும் உண்டு, தொடக்க வேலைகளில் பெரும்பாலும் அந்தச் சிக்கல் வராது. கவுன்சிலராக இருக்கும் ஊழியருக்குக் கூட்டங்களுக்கு நியாயமான அளவு நேரம் விடச்சொல்லி முதலாளிமாருக்கு 1996ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, ஆனால் அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும் என்று அது சொல்லவில்லை.

வயது போதாது என்று மாமா சொல்கிறாராம். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது போதும். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், கட்டுப்பணம் ஒரு பென்ஸ்கூட இல்லை. 2025இல் வாரிக்‌ஷையர் கவுண்டிக்குத் தலைவராக வந்தவருக்கு 19 வயது. அவசரப்படச் சொல்லவில்லை, வயதைக் காட்டித் தடுக்காதீர்கள் என்கிறேன். கவுண்டி கவுன்சில்களே இல்லாமல் போகப்போகின்றனவே என்றும் கேட்டார்கள். சரே கவுண்டியில் 2027 ஏப்ரலில் பழைய கவுன்சில்களுக்குப் பதிலாக இரண்டு புதிய கவுன்சில்கள் என்பது திட்டம், மற்றக் கவுண்டிகளும் அந்த வழியில்தான் போகின்றன. பெயர்ப்பலகை மாறினாலும் பள்ளிக்கூட இடம், முதியோர் பராமரிப்பு, ரோட்டுக் குழி எல்லாவற்றையும் யாரோ பார்க்கத்தானே வேண்டும்.

அவள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்தாள். பள்ளிக்கூட வாசலில் பாதசாரிக் கடவை கேட்டு எழுதிய கடிதங்கள், காலை எட்டரைக்கு எத்தனை கார் போகிறது என்று மூன்று வாரம் கோடு போட்டு எண்ணிய தாள்கள். தகப்பன் அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

அண்ணை, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட முன்னம், உங்கள் பரிஷின் அடுத்த கூட்டம் எப்போது என்று பலகையில் பாருங்கள். பொதுமக்களும் போகலாம். கடையை ஒரு மணித்தியாலம் முந்திப் பூட்டிவிட்டு அவளோடு போய்ப் பின்வரிசையில் இருங்கள்.